அயோடின் என்று கணக்கு காட்டிய இடத்தில் கால்சியம்: இரட்டை ஆற்றல் சி.டி.யில் பொருள் அறிதல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மூளைத் தமனியில் சிக்கிய இரத்த உறைகட்டியை வடிகுழாய் வழியே அகற்றிய சிறிது நேரத்தில் எடுக்கும் சி.டி. படத்தில் வெண்மையான ஒரு பகுதி தெரிந்தால், அது புதிதாகக் கசிந்த இரத்தமா, சிகிச்சையின்போது தமனிக்குள் செலுத்திய, அயோடின் அடங்கிய கான்ட்ராஸ்ட் மருந்து சேதமடைந்த திசுவுக்குள் ஊறியதன் விளைவா என்பதை அப்போதே சொல்லியாக வேண்டும். ஒற்றை ஆற்றல் படத்தில் இரண்டும் ஒரே வெண்மையைத் தரக்கூடும். ஒரே இடத்தை இரண்டு எக்ஸ் கதிர் ஆற்றல்களில் அளக்கும் இரட்டை ஆற்றல் சி.டி. இவ்விரண்டையும் நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. ஆனால் அந்தப் பிரிப்பின் நம்பகம், அங்கே எந்தெந்தப் பொருள்கள் இருக்கக்கூடும் என்று நாம் முன்கூட்டியே கணக்குக்குச் சொல்லிவைத்ததைப் பொறுத்தது. சொல்லாத வேறொரு பொருள் அங்கே இருந்துவிட்டால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல், முற்றிலும் இயல்பாகத் தோன்றும் ஒரு தவறான எண் நம் கைக்கு வருகிறது. அப்படி வந்த ஓர் எண்ணையும், அதை எப்படிக் கண்டுகொண்டோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நோயாளியின் அடையாளத்தைக் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. அளவீடுகள், வாசகர் கணக்கைப் பின்தொடர வசதியாக, முழு எண்களாக்கித் தரப்பட்டுள்ளன.

நோயாளியும் கேள்வியும்

அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்த ஆண் ஒருவர், திடீரென ஏற்பட்ட வலப்பக்கச் செயலிழப்புடனும் பேச்சிழப்புடனும் வேறொரு மருத்துவமனையிலிருந்து எங்களிடம் மாற்றி அனுப்பப்பட்டார். இடப்பக்க உட்கழுத்துத் தமனியின் தொடக்கத்தில் கடுமையான குறுக்கமும், அதே பக்க நடுமூளைத் தமனியின் முதற்பகுதியில் முழு அடைப்பும் இருந்தன. குறுக்கத்தில், தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயைப் பொருத்தி, அதன் வழியே உறைகட்டியை அகற்றி, இரத்த ஓட்டம் மீட்கப்பட்டது. முதல் மருத்துவமனையில் எடுத்த கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.யின் அறிக்கை அவருடன் வந்திருந்தது, படங்கள் வரவில்லை. இந்தச் சிறிய குறை பின்னர் பெரிதாகியது.

சிகிச்சை முடிந்ததும் இரட்டைக் குழாய்க் கருவியில் தலையை ஸ்கேன் செய்தோம். ஒரு குழாய் 80 கிலோவோல்ட்டிலும், மற்றொன்று வெள்ளீயத் தகட்டால் வடிகட்டப்பட்ட 140 கிலோவோல்ட்டிலும் இயங்கின. வெள்ளீயத் தகடு குறைந்த ஆற்றல் ஒளித்துகள்களைத் தடுத்துவிடுவதால், இரண்டு கற்றைகளின் நிறமாலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவது குறைகிறது. பொருள் பிரிப்பின் தரத்தைத் தீர்மானிப்பதில் இந்த இடைவெளிக்குத்தான் முதலிடம். 80 கிலோவோல்ட் படத்தை 40 விழுக்காடும் 140 கிலோவோல்ட் படத்தை 60 விழுக்காடும் கலந்த வழக்கமான படத்தில் இரண்டு வெண்மைகள் தெரிந்தன. ஒன்று, மூளையின் ஆழத்திலுள்ள திசுத் திரள்களான இடப்பக்கக் காடேட் தலையிலும் புட்டமெனிலும் விளிம்பு மங்கிப் பரவியிருந்தது. அதன் சராசரி 64 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி. படத்தில் வெண்மையை அளக்கும் அலகு). மற்றொன்று அதன் உட்புற ஓரத்தில், குளோபஸ் பாலிடஸ் என்ற அண்டைத் திரளில், ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளி. அதன் சராசரி 89 அலகு.

புதிய ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் மருந்து தேவை. மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தால் அதே மருந்து கசிவைப் பெருக்கக்கூடும். கொடுத்தாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து என்ற நிலையில் நரம்பியல் மருத்துவர்கள் எங்களிடம் கேட்டது ஒன்றே: இது இரத்தமா?

இரண்டு ஆற்றல்கள் எதைச் சொல்கின்றன

சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண் மட்டுமே. நீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் ஆயிரம் என்ற அளவுகோலில், அந்த இடம் எக்ஸ் கதிரை எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்பதை அது சொல்கிறது. மட்டுப்படுத்துவது எது என்பதைச் சொல்வதில்லை. அடர்த்தி மிகுந்த இலேசான தனிமங்களும், மிகக் குறைந்த அளவிலுள்ள கனமான தனிமமும் ஒரே எண்ணைத் தரலாம்.

மருத்துவப் படமெடுப்பின் ஆற்றல் எல்லைக்குள் இந்த மட்டுப்படுத்தல் முதன்மையாக இரண்டு வழிகளில் நிகழ்கிறது. காம்ப்டன் சிதறல் எலக்ட்ரான் அடர்த்தியைச் சார்ந்தது. ஆற்றலோடு மெதுவாகவே மாறும். ஒளிமின் உறிஞ்சல் அணு எண்ணின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கோடு கூடி, ஆற்றலின் மூன்றாம் அடுக்கோடு குறையும். ஆகவே அணு எண் 53 உள்ள அயோடின் குறைந்த ஆற்றலில் மிக வெண்மையாகவும், உயர்ந்த ஆற்றலில் மங்கலாகவும் தெரிகிறது. அணு எண் 20 உள்ள கால்சியத்திலும் இந்த வேறுபாடு உண்டு, ஆனால் குறைவு. புதிய இரத்தம் வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம் ஹீமோகுளோபினின் புரதச் செறிவே. அதிலுள்ள இரும்பின் பங்கு மிகச் சிறியது. எனவே இரத்தம் இரண்டு ஆற்றல்களிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தருகிறது.

இந்த எண்ணம் புதியதன்று. 1973-இல் சி.டி.யை அறிமுகப்படுத்திய கட்டுரையிலேயே காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, ஒரே வெட்டுத்தளத்தை இரண்டு மின்னழுத்தங்களில் எடுத்தால் அணு எண் மிகுந்த பகுதிகளைத் தனித்துக் காட்டலாம் என்று எழுதியிருந்தார். 1976-இல் ஆல்வாரெஸும் மகோவ்ஸ்கியும் அதற்குரிய கணித அடிப்படையை வகுத்தார்கள். இரண்டு ஸ்கேன்களுக்கிடையே நோயாளி அசைந்துவிடுதல், இரைச்சல் (படத்தின் எண்களில் தற்செயலாக நேரும் ஏற்ற இறக்கம்) ஆகிய தடைகளால் நெடுங்காலம் அது நடைமுறைக்கு வரவில்லை. 2006 வாக்கில் இரட்டைக் குழாய்க் கருவிகள் வந்த பிறகே அன்றாடப் பயன்பாடானது. மின்னழுத்தத்தை நொடிப்பொழுதில் மாற்றி மாற்றி எடுக்கும் கருவிகள், இரண்டு அடுக்கு உணரி கொண்டவை, ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுபவை என்று இன்று பல வழிகள் உள்ளன. கீழே வரும் சிக்கல் அவை அனைத்துக்கும் பொதுவானது.

கணக்கு தந்த விடை

எங்கள் கருவியில், தலை அளவுள்ள பொருளில், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அயோடின் 80 கிலோவோல்ட்டில் சுமார் 40 அலகும், வடிகட்டிய 140-இல் சுமார் 13 அலகும் கூட்டுகிறது. விகிதம் மூன்றுக்கு ஒன்று. பாதிக்கப்படாத மூளைத் திசு முறையே 36, 34 அலகுகளைத் தந்தது.

பரவிய வெண்மையின் அளவீடு 84, 50. மூளைத் திசுவைக் கழித்தால் எஞ்சுவது 48, 16. இது மிகச் சரியாக மூன்றுக்கு ஒன்று. அதாவது மில்லிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் அயோடின். அதை நீக்கிக் கணித்த மெய்நிகர் கான்ட்ராஸ்ட் இல்லாப் படத்தில் அந்தப் பகுதி முழுவதும் 35 அலகு என்ற இயல்பான மூளைத் திசுவாக மாறியது. கான்ட்ராஸ்ட் ஊறல் என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

புள்ளியின் அளவீடு 112, 74. இங்கே கணக்கு வேறு விதமாக விடை தந்தது. கணித்த அயோடின் செறிவை இடவாரியாகக் காட்டும் அயோடின் வரைபடத்தில் அது மில்லிலிட்டருக்கு 1.3 மில்லிகிராம் என்று, சுற்றியுள்ள ஊறலோடு இயல்பாகப் பொருந்தும் செறிவில் ஒளிர்ந்தது. மெய்நிகர் படத்தில் 58 அலகு என்ற வெண்மை எஞ்சியது. 50-க்கும் 80-க்கும் இடைப்பட்ட எண் புதிய இரத்தத்துக்குரியது. கான்ட்ராஸ்ட் ஊறிய பகுதியின் நடுவே ஒரு சிறிய இரத்தக் கசிவு, அதனுள்ளும் கொஞ்சம் அயோடின் என்பதே இந்த விடையின் பொருள். மருத்துவ ரீதியில் அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. இரத்த–மூளைத் தடுப்பு சிதைந்த இடத்தில் இரண்டும் சேர்ந்தே காணப்படுவது உண்டு. முதல் வரைவு அறிக்கையில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

அந்த வரைவை அனுப்பவிடாமல் என்னைத் தடுத்தது, மெல்லிய வெட்டுகளில் வலப்பக்கத்தில் தெரிந்த ஒரு மங்கலான புள்ளி. வலப்பக்கக் குளோபஸ் பாலிடஸில், ஏறத்தாழ அதே இடத்தில், 64, 49 என்ற அளவீட்டுடன் அது இருந்தது. கணக்கு அதற்கும் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அயோடின் என்று விடை தந்தது. ஆனால் வலப்பக்கத் தமனிக்குள் நாங்கள் மருந்து எதையும் நேரடியாகச் செலுத்தவில்லை. அங்கே அடைப்பும் இல்லை, திசுச் சேதமும் இல்லை. இரத்த ஓட்டத்தில் சுழன்று வரும் சிறிதளவு அயோடின் எல்லா இடத்திலும் பரவலாக இருக்குமே தவிர, ஒரு புள்ளியில் மட்டும் குவிந்திருக்கக் காரணமில்லை. ஆக, அயோடின் இருக்கவே முடியாத இடத்தில் அயோடின் வரைபடம் ஒளிர்ந்திருந்தது. அப்படியானால் இடப்பக்கத்தில் அது காட்டிய எண்ணை மட்டும் எதற்காக நம்ப வேண்டும்?

ஒரே புள்ளிக்கு இரண்டு வழிகள்

உயர் ஆற்றல் எண்ணைக் கிடைமட்டத்திலும் குறை ஆற்றல் எண்ணைச் செங்குத்திலும் குறித்து ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மூளைத் திசு ஒரு புள்ளி. அதிலிருந்து கிட்டத்தட்ட 45 பாகைச் சாய்வில் மேலே போனால் இரத்தம். இந்தக் கோட்டிலிருந்து மூன்றுக்கு ஒன்று என்ற செங்குத்தான சாய்வில் ஏறிச் செல்வது அயோடின். கால்சியத்தின் சாய்வு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே மூளைத் திசுவிலிருந்து கால்சியத்தின் சாய்வில் நேராகப் போய்ச் சேரும் எந்த இடத்தையும், முதலில் கொஞ்சம் இரத்தத்தின் வழியிலும் பிறகு கொஞ்சம் அயோடினின் வழியிலும் நடந்தும் அடையலாம். போய்ச் சேர்ந்த இடம் ஒன்றாக இருக்கும்போது, வந்த வழி எது என்பதை இரண்டு எண்களால் சொல்ல இயலாது.

எங்கள் கணக்கில் மூளை, இரத்தம், அயோடின் ஆகிய மூன்று பொருள்கள் மட்டுமே இருந்தன. இரண்டு ஆற்றல்கள் இரண்டு சமன்பாடுகளைத் தருகின்றன. மூன்றாவது சமன்பாடு, மூன்று பொருள்களின் கன அளவுப் பங்குகளும் சேர்ந்து ஒன்றாக வேண்டும் என்ற நிபந்தனை. இந்த நிபந்தனை மூன்று பொருள்களையும் கையாளும் திறனைத் தருவது உண்மைதான். ஆனால் நான்காவதாகக் கால்சியம் வந்து சேர்ந்தால் அதற்கு அங்கே இடமில்லை. இருக்கும் பெயர்களுக்குள் அதைப் பங்கிட்டாக வேண்டும், எனவே அது இரத்தமாகவும் அயோடினாகவும் பிரிந்து விழுகிறது.

மூளைத் திசுவைக் கழித்து இரண்டு புள்ளிகளின் விகிதங்களையும் கையால் கணித்துப் பார்த்தோம். வலப்பக்கத்தில் எஞ்சுவது 28, 15, விகிதம் 1.87. இடப்பக்கத்தில் 76, 40, விகிதம் 1.90. கால்சியம் மாதிரியில் எங்கள் கருவி தரும் விகிதமும் இரண்டுக்குச் சற்றே கீழே உள்ளது. இது கால்சியம்தான் என்பதற்கு இந்த ஒற்றுமை முழுச் சான்று ஆகாது, ஏனென்றால் இரத்தமும் அயோடினும் தக்க விகிதத்தில் கலந்தாலும் இதே எண் வரும். ஆனால் இரண்டு பக்கங்களிலும், வெவ்வேறு அளவில், தற்செயலாக அதே கலவை விகிதம் அமைவது மிக அரிது. ஒரே பொருளின் இரண்டு செறிவுகள் ஒரே சாய்வில் விழுவதோ மிக இயல்பு.

உடனே முதல் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, படங்களை அனுப்பச் சொன்னோம். சிகிச்சைக்கு முன்பே, கான்ட்ராஸ்ட் செலுத்தும் முன்பே எடுத்த அந்த சி.டி.யில் இரண்டு பக்கங்களிலும் அதே இடங்களில் புள்ளிகள் இருந்தன. வயதோடு வரும் குளோபஸ் பாலிடஸ் கால்சியப் படிவு அது. பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராத இந்தப் படிவைப் பலர் அறிக்கையில் குறிப்பிடுவதில்லை; பக்கவாத அவசரத்தில் விட்டுப்போனதைக் குறையாகவும் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்து வடிவ அறிக்கை ஒருபோதும் படத்துக்கு ஈடாகாது என்பதை அன்று நன்றாக உணர்ந்தேன். வரைவு அறிக்கை திருத்தப்பட்டது. தட்டணு எதிர்ப்பு மருந்து தொடங்கப்பட்டது.

கூடுதல் ஆற்றல்கள் உதவியிருக்குமா

இந்த நிகழ்வை விவாதித்தபோது, ஒளித்துகள் எண்ணும் கருவி இருந்திருந்தால் நான்கைந்து ஆற்றல் பட்டைகளில் அளந்து மூன்று பொருள்களையும் நேரடியாகப் பிரித்திருக்கலாமே என்ற கேள்வி வந்தது. இதில் பரவலான ஒரு தவறான புரிதல் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மட்டுப்படுத்தல் காம்ப்டன், ஒளிமின் என்ற இரண்டு வழிகளால் ஏறத்தாழ முழுமையாக விளக்கப்படுகிறது என்றால், எத்தனை ஆற்றல்களில் அளந்தாலும் நமக்குக் கிடைக்கும் தனித்த தகவல்கள் இரண்டுதான். மற்றவை அவ்விரண்டின் மறுபதிப்புகள். அவை இரைச்சலைக் குறைக்க உதவும், புதிய பொருளொன்றை அறிய உதவா. இதற்கு விலக்கு கே-விளிம்பு. ஒரு தனிமத்தின் உட்கூட்டில் உள்ள எலக்ட்ரானைப் பெயர்க்கத் தேவையான ஆற்றலைத் தாண்டும் இடத்தில் அதன் உறிஞ்சல் திடீரென எகிறுகிறது. அந்தத் தாவல் படமெடுக்கும் ஆற்றல் எல்லைக்குள் விழுந்தால் அத்தனிமத்துக்கு மட்டுமே உரிய கைரேகை போலாகும். காடோலினியத்துக்கு அது 50.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட், தங்கத்துக்கு 80.7. இவற்றைப் பல பட்டை அளவீட்டால் மற்றவற்றிலிருந்து உண்மையாகவே தனித்துப் பிரிக்கலாம். அயோடினுக்கோ 33.2. மண்டையோட்டைக் கடந்து வரும் ஒளித்துகள்களில் அந்த விளிம்புக்குக் கீழே இருப்பவை மிகச் சில; எனவே தாவலின் ஒரு பக்கம் மட்டுமே நமக்குத் தெரிகிறது. கால்சியத்தின் விளிம்பு 4 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில், எட்டாத தொலைவில் உள்ளது. ஆகவே இரத்தம், அயோடின், கால்சியம் ஆகிய மூன்றும் சந்தேகத்துக்குரிய தலை ஸ்கேனில், கூடுதல் பட்டைகள் எங்களைப் பெரிதாகக் காப்பாற்றியிருக்க மாட்டா. நுண்ணிய பகுதிறனால் புள்ளியின் கூர்மையான விளிம்பை இன்னும் தெளிவாகப் பார்த்திருக்கலாம். அதுவும் ஒரு நன்மையே, ஆனால் அது வேறு வகை நன்மை.

இதற்கு மாறாக, கேள்வியிலேயே இரண்டு பொருள்கள் மட்டும் இருக்கும் இடங்களில் இந்த முறை மிகத் திடமானது. சிறுநீரகக் கல் யூரிக் அமிலமா, கால்சியம் சார்ந்ததா என்பது அத்தகைய கேள்வி. கரி, நைட்ரசன், ஆக்சிசன், ஹைட்ரசன் என்ற இலேசான தனிமங்களால் ஆன யூரிக் அமிலத்துக்கு இரு ஆற்றல்களிலும் ஏறத்தாழ ஒரே எண் வருவதால் ஐயத்துக்கு இடமே இருப்பதில்லை.

மறுநாள் அளவீடும் அதன் வரம்பும்

24 மணி நேரம் கழித்து எடுத்த இரட்டை ஆற்றல் ஸ்கேனில் பரவிய வெண்மை முழுவதும் மறைந்திருந்தது. ஊறிய கான்ட்ராஸ்ட் ஓரிரு நாளில் கழுவப்பட்டுவிடும் என்ற வழக்கத்துக்கு ஏற்ப. இடப்பக்கப் புள்ளி 106, 72 என்று நின்றது. அயோடின் வரைபடம் அதில் இன்னமும் மில்லிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்று காட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருந்த அயோடின் எல்லாம் போய்விட்ட பிறகும் போகாமல் நிற்கும் அயோடின், அயோடின் அன்று. மூளைத் திசுவைக் கழித்த விகிதம் இப்போது 1.84; வலப்பக்கத்தோடு இன்னும் நெருங்கிவிட்டது.

முதல் நாளிலிருந்து குறைந்தவை 6, 2 அலகுகள். இதுவும் மூன்றுக்கு ஒன்று. அண்டையிலிருந்த ஊறல் புள்ளியின் ஓரத்தில் கலந்து அளவை உயர்த்தியிருக்கலாம் என்று இது சொல்லத் தூண்டுகிறது. நான் அதை வலியுறுத்தப் போவதில்லை. பொருள் வரைபடம் இரண்டு படங்களின் வேறுபாட்டிலிருந்து பிறப்பதால் இரைச்சல் அதில் பெருகுகிறது. ஒவ்வொரு படத்திலும் படப்புள்ளிக்கு 5 அலகு இரைச்சல் இருந்தால், வேறுபாட்டின் இரைச்சல் ஏறத்தாழ 7 அலகு. ஒரு மில்லிகிராம் அயோடின் தரும் வேறுபாடு 27 அலகு என்பதால், ஒரு தனிப் படப்புள்ளியின் அயோடின் மதிப்பில் 0.26 மில்லிகிராம் அளவுக்கு ஊசலாட்டம் இருக்கும். பல படப்புள்ளிகளின் சராசரியை எடுத்தால் அது குறையும். ஆனால் 5 மில்லிமீட்டர்ப் புள்ளிக்குள், விளிம்பைத் தொடாமல் வைக்கும் அளவீட்டு வட்டத்தில் அடங்கும் படப்புள்ளிகள் சிலவே. 6, 2 என்ற சரிவு 0.15 மில்லிகிராமுக்கு மட்டுமே சமம். மண்டையோட்டின் அருகே கற்றை கடினமாவதும் (எலும்பு குறைந்த ஆற்றல் ஒளித்துகள்களை உறிஞ்சுவதால் கற்றையின் சராசரி ஆற்றல் உயர்வதும்) இதே அளவுப் பிழையை எளிதில் உண்டாக்கும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களைத் திரை காட்டுகிறது என்பதால் மட்டும் அவற்றை எழுதிவிடக் கூடாது.

இந்த நிகழ்வுக்குப் பின் நாங்கள் செய்த முதல் வேலை, தலை அளவுள்ள சோதனை உருளை ஒன்றில் செறிவு தெரிந்த அயோடின் குச்சிகளோடு கால்சியம் குச்சி ஒன்றையும் செருகி, அதே மூளை–இரத்தம்–அயோடின் கணக்கின் வழியே அனுப்பியது. கால்சியம் குச்சி அயோடின் வரைபடத்தில் அழகாக ஒளிர்ந்தது. மெய்நிகர் படத்தில் இரத்தம் போல நின்றது. பொருள் வரைபடங்களைப் படிக்கப் போகும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் இதைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். சமன்பாடுகளால் விளக்கியதைவிட அந்த ஒரு படம் எங்கள் பயிற்சி மருத்துவர்களிடம் ஆழமாகப் பதிந்தது.

அறிக்கை எழுதும் முறையும் மாறியது. அயோடின் செறிவை மட்டும் தருவதை நிறுத்திவிட்டு, இரண்டு ஆற்றல்களிலும் அளந்த மூல எண்களையும், கணக்கில் சேர்த்த பொருள்களின் பெயர்களையும், எதிர்ப்பக்கத்தின் அதே இடத்து அளவீட்டையும் சேர்த்து எழுதுகிறோம். மெய்நிகர் படத்திலும் அயோடின் வரைபடத்திலும் ஒரே இடம் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால், மூளை–கால்சியம் இணையை வைத்து மறுபடி கணித்து, இரண்டு விடைகளையும் அருகருகே பதிவு செய்கிறோம். சிகிச்சைக்கு முந்தைய படங்கள் கைக்கு வராமல் அத்தகைய இடத்தை இரத்தம் என்று உறுதி செய்வதில்லை.

நோயாளிக்குப் பேச்சு படிப்படியாகத் திரும்பியது. வலக்கையில் சிறிது பலவீனம் எஞ்சியது. ஸ்டென்ட் திறந்தே இருந்தது. சில மாதங்கள் கழித்து வேறு காரணத்துக்காக எடுத்த இரட்டை ஆற்றல் ஸ்கேனில் அந்தப் புள்ளியை மீண்டும் அளந்தேன்: 105, 72.